மூன்று மாத்திரையும் சரிதான்

உடலியங்கியல் தேர்வில் ஒரு வரைபடம் கட்டாயம் வரும். ரத்த அழுத்தம் 80-லிருந்து 180 வரை ஏறினாலும் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு சுமார் 125 மில்லி என்று ஏறக்குறைய நேர்கோடாகவே போகும். நானும் ஸ்கேல் வைத்து வரைந்து மார்க் வாங்கியவன்தான்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது வார்டில் ஒரு பெரியவர் சேர்ந்தார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. பல வருட ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. இரண்டையும் அப்படியே தொடரச் சொல்லி எழுதினேன். இரவில் மூட்டு வலிக்கிறது என்றார், டைக்ளோஃபினாக்கும் சேர்த்தேன். மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.1-லிருந்து 3.4-க்குப் போயிருந்தது.

"பிபி 100/60 இருக்கே சார், 80-க்குக் கீழே போகலையே" என்றேன் சீனியரிடம்.

"அந்த 80 சராசரி அழுத்தம்பா. இவருக்குக் கணக்குப் போடு."

போட்டேன். 60-உடன், 100-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு: 73. அதோடு, நாள்பட்ட அழுத்தக்காரர்களுக்கு அந்தக் கோடே வலப்பக்கம் நகர்ந்திருக்கும்; நமக்குச் சாதாரணமான அழுத்தம் அவர்களுக்குப் போதாது.

அப்புறம் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டார். நடுவில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்களின் குளோமெருலஸ் முடிச்சு, உள்ளே வரும் நுண்தமனி, வெளியே போகும் நுண்தமனி. அழுத்தம் ஏறினால் உள்வரும் குழாயின் தசை இழுபட்டு, தானாகவே சில நொடிகளில் இறுகிக்கொள்ளும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. வடிந்த நீர் போகும் குழல் வளைந்து வந்து தன் முடிச்சையே தொடுகிறது. அங்கிருக்கும் மாகுலா டென்சா செல்கள் உப்பைப் பார்த்து, அதிகம் என்றால் 'உள்வரவைக் குறை' என்கின்றன. எனக்கு இன்றும் வியப்பு இதுதான்: வடிகட்டி தன் வேலையைத் தானே ருசி பார்க்கிறது. நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது, மீதி திரும்ப உறிஞ்சப்பட்டு வெளியேறுவது ஒன்றரை லிட்டர். வடிப்பதில் பத்தில் ஒரு பங்கு கூடி, உறிஞ்சுவது கூடாமல் போனால் இன்னும் 18 லிட்டர் சிறுநீர் கூடும்!

அழுத்தம் குறைந்தால் கதை தலைகீழ். உடம்பே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உள்வரும் குழாயைத் திறந்து வைக்கும்; ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியேறும் குழாயை இறுக்கும். முடிச்சுக்குள் அழுத்தம் நிற்கும். டைக்ளோஃபினாக் முதலாவதைத் தடுக்கும், எனலாபிரில் இரண்டாவதை. வயிற்றுப்போக்கில் வற்றிக்கொண்டிருந்த உடம்பிலிருந்து நீர் மாத்திரை இன்னும் கொஞ்சம் இறைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரியான மாத்திரைகள். அந்தச் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த இரண்டு கைகளையும் என் பேனா கட்டிப்போட்டிருந்தது.

மூன்றையும் நிறுத்தி சலைன் ஏற்றினோம். மறுநாள் மாலை சிறுநீர் சேகரிக்கும் பையில் 400 மில்லியைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி அவருக்குக்கூட வந்திருக்காது. ஒரு வாரத்தில் கிரியாட்டினின் 1.3.

வீட்டுக்குக் கிளம்பும்போது, "அந்த வலி மாத்திரை நல்லா கேட்டுச்சு டாக்டர், அதையே எழுதிடுங்க" என்றார். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தேன். அவர் முகத்தில் திருப்தியே இல்லை.