அமெரிக்க வரலாறு அரியர் வைத்திருப்பவர்களுக்கு: ராபர்ட்சனைப் பிடியுங்கள்

நேற்று ரிசல்ட். எம்.ஏ. வரலாறு, தொலைதூரக் கல்வி. இரண்டு தடவை போன அமெரிக்க வரலாறு பேப்பர் ஒருவழியாக கிளியர். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

போன தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே சொல்: கலெக்டர். வில்லியம் ராபர்ட்சன் 'நியூயார்க் கலெக்டர்' என்று படித்ததும் நம்மூர் மாவட்ட ஆட்சியர் மாதிரி என்று நினைத்து இரண்டு பக்கம் எழுதினேன். அவர் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் தலைவர். நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பகுதி அங்கேதான் வசூலானது. அந்த நாற்காலியில் இருப்பவர் கை காட்டியவருக்கு வேலை. வேலை கிடைத்தவர் சம்பளத்தில் கட்சிக்குப் பங்கு. ஸ்பாயில்ஸ் முறை என்றால் இதுதான். இதை விட்டால், இந்த நாற்காலிக்கு யாரைப் போடுவது என்று ஜனாதிபதி கார்ஃபீல்டும், நியூயார்க்கில் கட்சியைக் கையில் வைத்திருந்த செனட்டர் காங்க்ளிங்கும் 1881இல் போட்ட சண்டை எதற்கு என்றே புரியாது.

இந்தத் தடவை ஜனாதிபதிகளை வரிசையாக உருப்போடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் ராபர்ட்சன் வாழ்க்கையை மட்டும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்:

- 1823: பிறப்பு, நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்டு. வக்கீல்.
- பிறகு வெஸ்ட்செஸ்டர் கவுண்டி நீதிபதி. கடைசிவரை 'ஜட்ஜ் ராபர்ட்சன்'.
- 1880 சிகாகோ மாநாடு (குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது): நியூயார்க் ஓட்டு மொத்தமும் முன்னாள் ஜனாதிபதி கிராண்டுக்கே என்ற காங்க்ளிங்கின் கட்டளையை மீறினார். 36ஆவது சுற்றில் கார்ஃபீல்டு தேர்வு.
- 1881 மார்ச் 23: கார்ஃபீல்டு இவரைக் கலெக்டராக நியமித்தார்.
- மே 16: காங்க்ளிங்கும் நியூயார்க்கின் இன்னொரு செனட்டர் பிளாட்டும் செனட்டிலிருந்து ராஜினாமா.
- மே 18: நியமனத்துக்கு செனட் ஒப்புதல்.
- ஜூலை 2: வேலை கேட்டு அலைந்த கிட்டோ கார்ஃபீல்டைச் சுட்டான். செப்டம்பர் 19 மரணம்.
- 1883: பெண்டில்டன் சட்டம் (அரசு வேலைக்குச் சிபாரிசுக்குப் பதில் தேர்வு).

மார்ச்சுக்கும் மேக்கும் நடுவில்தான் மார்க் இருக்கிறது. மாநில செனட்டர்களைக் கேட்காமல் ஜனாதிபதி ஆள் போடலாமா என்பதுதான் கேள்வியே. தங்கள் மாநிலச் சட்டமன்றம் (அப்போது செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது அதுதான்) மறுபடி தேர்ந்தெடுக்கும் என்று நம்பித்தான் இருவரும் ராஜினாமா செய்தார்கள். தேர்ந்தெடுக்கவில்லை. காங்க்ளிங்கின் அரசியல் அதோடு முடிந்தது. இதைக் காரணத்தோடு எழுதுங்கள், தேதி ஒன்றிரண்டு பிசகினாலும் பரவாயில்லை.

கதையாகச் சொன்னால்தான் எனக்கு மனசில் நிற்கும். அட்டவணை போட்டுப் படிப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராமல் போகலாம்.

15 மார்க் கேள்வி வந்தால் கார்ஃபீல்டின் துணை ஜனாதிபதி ஆர்தரை விட்டுவிடாதீர்கள். அதே சுங்க அலுவலகத்தில் கலெக்டராக இருந்து 1878இல் அப்போதைய ஜனாதிபதி ஹேய்ஸால் நீக்கப்பட்டவர், காங்க்ளிங்கின் ஆள். கார்ஃபீல்டு இறந்ததும் ஜனாதிபதியான அவர்தான் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்த்த சுங்க அலுவலகங்களில் அதன்பின் குமாஸ்தா வேலைக்கும் போட்டித் தேர்வு. ராபர்ட்சன் 1885 வரை அங்கேதான் இருந்தார்.