40 வெள்ளி டாக்சியும் ஒரு தட்டுச் சோறும்

அந்த டாக்சிக்காரர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை சிப்புட் பேருந்து நிறுத்தத்திலிருந்து நான் போக வேண்டிய தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது. 40 வெள்ளி வாங்கிவிட்டார். “திரும்பி வர ஆள் கிடைக்காது லா தம்பி” என்று ஒரே பிடி. தமிழில் பேரம் பேசினால் இறங்கி வருவார் என்று நம்பியது என் தப்பு. செல்பேசிச் செயலியில் அரை மணி நேரம் தேடியும் ஒரு கார் சிக்கவில்லை. தூறல் வேறு. ஏறிவிட்டேன்.

(வெள்ளி என்றால் ரிங்கிட். வந்த புதிதில் கடைக்காரர் “மூணு வெள்ளி” என்றதும் கிழமையைச் சொல்கிறாரோ என்று விழித்தவன் நான்.)

நம்மூர்க் காசில் 800 ரூபாய்க்கு மேல். சிதம்பரத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு வந்திருக்கும் எனக்கு அது நாலு நாள் சாப்பாடு. வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் விடுமுறை விட்டால்தான் வேலை செய்ய அனுமதி, அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரம். விசா, வாடகை, செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். அதெல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் ஆய்வேட்டுக்காக, ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்களிடம் பேசத்தான் போனேன். ஈப்போ வரை ரயில், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து பேருந்தில் ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தேன். தோட்டத்தில் இறங்கினால் ரப்பர் மரத்தையே காணோம். கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை.

லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நின்ற பாட்டி கேட்ட முதல் கேள்வி, “பசியாறிட்டியாப்பா?” ஆயிற்று என்று பொய் சொன்னேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சுடுசோறு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, நெத்திலி சம்பல், பெலாச்சான் என்ற இறால் விழுது போட்டு வதக்கிய கங்கோங் கீரை. குழம்பு அப்படியே எங்கள் ஆயா கைப்பக்குவம். பக்கத்திலிருந்த கீரையில் மலாய் வாசம். இரண்டும் ஒரே தட்டில் சண்டை போடாமல் இருந்தன. மூன்று தடவை சோறு வாங்கினேன், வெட்கமே இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டைப் புகழ்ந்து நான் முன்பு எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள்.

பாட்டி பேச ஆரம்பித்ததும் எனக்குப் பாதி புரியவில்லை. “நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போய்ட்டு மரம் வெட்டப் போவோம்” என்றார். மரத்தைச் சாய்ப்பார்களாக்கும் என்று எழுதிக்கொண்டேன்! வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. பெரட்டு, காலையில் ஆள் கணக்கெடுப்பது. வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையும், அதனால்தான் இருட்டோடு ஓட்டம். மழை பெய்தால் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் தண்ணீர் நிறையும், வேலை இல்லை, சம்பளமும் இல்லை.

1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் பாட்டியின் அம்மாவை வேலிக் கதவில் நிறுத்திச் சோதித்த கதையை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. காட்டிலிருக்கும் கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலத்தைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்களாம். வெறும் வயிற்றில் வெட்டிவிட்டு வருவார்களாம்.

அப்புறம் சம்பந்தன் பேச்சு வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த வீ.தி.சம்பந்தன் இந்த ஊர்க்காரர், படித்தது எங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்! நான் அங்கே படித்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன், அவர் இங்கிருந்து அங்கே வந்து படித்திருக்கிறார். நாலு வருடம் அந்த வளாகத்தில் சுற்றியும் இது எனக்குத் தெரியாது. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியவர். பாட்டி வீட்டிலும் பணம் கட்டியிருக்கிறார்கள். “அப்ப பத்து வெள்ளின்னா சும்மாவா?” என்றார். டாக்சிக்கு 40 கொடுத்ததை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அது எப்படியோ தெரிந்துவிட்டது. பேரன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டான். பெட்ரோலுக்கு ஐந்து வெள்ளி நீட்டினேன், வாங்கவில்லை. பாட்டி கட்டிக்கொடுத்த பொட்டலத்தை ரயிலில் பிரித்தேன். மிச்சக் குழம்பும் சோறும். எதிர் இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போனார், கருவாட்டு வாசம் அப்படி.

அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும், பாதிக் கேள்விகள் பாக்கி. பாட்டி வேலையை விட்டு இருபது வருடமாகிறது. ஆனாலும் கிளம்பும்போது சொன்னார்: “மழை நாளா பாத்து வாப்பா, வீட்ல இருப்பேன்.”