கைபேசியில் காணாமற்போன பேஸ் கிதார்

இன்று மாலை, முடித்துவிட்டதாக நினைத்த ஒரு மிக்ஸை, அதாவது பல கருவிகளின் ஒலிகளைக் கலந்த பதிவை, கைபேசியில் ஒலிக்கவிட்டபோது, பேஸ் கிதார் காதிலேயே விழவில்லை.

அதன் தடித்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது என்பதால், அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்த இடத்தை உயர்த்தியும் பயனில்லை. ஆகவே டேப் சாச்சுரேஷன் பிளகின் (காந்த நாடாவில் ஒலி மிகும்போது எழும் சிதைவைப் போலச்செய்யும் துணைமென்பொருள்) ஒன்றைச் சேர்த்து, அந்தச் சிதைவைக் கூட்டும் டிரைவ் குமிழை மெல்லத் திருப்பினேன்.

அலையின் முகடுகள் மழுங்க மழுங்க, அதிர்வெண்களைக் காட்டும் அனலைசர் திரையில் 123 ஹெர்ட்ஸ் அருகே மூன்றாவது ஹார்மோனிக், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மும்மடங்கு, நிமிர்ந்தது. மடங்குகள் கேட்டுவிட்டால், ஒலிக்காத அடிப்படைச் சுரத்தைக் கேட்பவரின் மூளையே நிரப்பிக்கொள்கிறது.

பேஸ் திரும்பி வந்துவிட்டது.

பழைய ஒலிப்பதிவுக் கருவிகளின் அனலாக் இதம் என்று நாம் கொண்டாடுவது, காந்த நாடாவும் வெற்றிடக் குழாயான வால்வும் தம் எல்லையைத் தொடும்போது செய்த பிழையைத்தான். அக்காலப் பொறியாளர்கள் குறைக்கப் பாடுபட்ட அந்தப் பிழையை, இன்று நாம் கணக்கிட்டு, வேண்டிய அளவு மட்டும் சேர்க்கிறோம் என்பது என்னை இன்னும் நெகிழவைக்கிறது.

ஆனால் டிரைவைக் கூட்டும்போது ஒலியளவும் சேர்ந்து ஏறுகிறது, உரத்து ஒலிப்பதெல்லாம் நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடுகிறது. பிளகினின் அவுட்புட்டைக் குறைத்து, பிளகின் உள்ள ஒலியையும் இல்லாத ஒலியையும் ஒரே அளவில் வைத்து, பிளகினை விலக்கும் பைபாஸை மாற்றி மாற்றிக் கேட்டேன். முதலில் வைத்திருந்த டிரைவில் பாதியே போதுமானதாக இருந்தது.