திரும்பாதீங்க அப்பா, படகு ஆடும்

கனூ என்ற ஒல்லியான துடுப்புப் படகில் பின்னால் இருப்பவர்தான் ஓட்டுநர். முன்னால் இருப்பவர் எஞ்சின். இது தெரிந்தபோதே பின்னிருக்கை எனக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை, நானே போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் கார் ஓட்டுவது நான், ரிமோட் என் கையில், அப்புறம் படகு மட்டும் யாரிடம் போகும்?

ஆகஸ்ட் கடைசி வாரம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கோன்குவின் பூங்காவுக்குள் மூன்று பகல், இரண்டு இரவு. நான், மனைவி, பதினைந்து வயதுப் பெரியவள், பதின்மூன்று வயதுச் சின்னவன். இரண்டு கனூ. பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்கலும் இருக்கும் இடமல்ல. 1893-இல் ஒதுக்கப்பட்ட காடு, ஏழாயிரத்து அறுநூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே ஆயிரக்கணக்கில் ஏரிகள். தெற்கு ஓரத்தை நெடுஞ்சாலை 60 வெட்டிக்கொண்டு போகிறது. அதை விட்டு உள்ளே போக வேண்டுமென்றால் நடக்கலாம், அல்லது துடுப்புப் போடலாம். ஆகஸ்ட் கடைசியைத் தேர்ந்தெடுத்தது கொசுவுக்காக. மே, ஜூனில் போனால் கறுப்பு ஈயும் கொசுவும் ஆளைப் பிய்த்துவிடும்.

பெரியவளுக்கு வர விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "சிக்னல் இருக்குமா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வரும் வழியெல்லாம் காதில் ஹெட்போன், முகம் கண்ணாடிப் பக்கம்.

நெடுஞ்சாலையின் 14-ஆவது கிலோமீட்டரில் கனூ ஏரி. ஏரியின் பெயரே அதுதான். அனுமதிச் சீட்டு வாங்கப் போனபோதுதான் முதல் அடி விழுந்தது. காட்டுக்குள் டின்னும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எங்கள் மூட்டையில் ஒன்பது டின் கொண்டைக்கடலை. விதியை நான் படித்திருந்தேன், கொண்டைக்கடலை டின்னும் டின்தான் என்று தோன்றவில்லை. ஒன்பதையும் கார் டிக்கியில் வைத்துவிட்டு வந்தேன். மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாடகைக்கு எடுத்தது கெவ்லார் என்ற லேசான, உறுதியான இழையால் செய்த கனூ, ஏறக்குறைய இருபது கிலோ. அலுமினியக் கனூ வாடகை குறைவு என்று ஆசைப்படாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏரியில் இறங்கிய முதல் அரைமணி நேரம் நாங்கள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனோம். பின்னால் இருப்பவர் வலப்பக்கம் துடுப்புப் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பை லேசாக வெளிப்புறம் திருப்பித் தள்ளினால்தான் அது நேராகும். துடுப்பு தண்ணீருக்குள் போடும் கோடு ஆங்கில எழுத்து 'ஜே' மாதிரி இருப்பதால் அதற்கு ஜே-ஸ்ட்ரோக் என்று பெயர். வீடியோவில் பார்த்தபோது எளிதாக இருந்தது. தண்ணீரில் என் ஜே எந்த எழுத்தாகவும் வரவில்லை. பழியை முன்னால் இருந்த மகள்மேல் போட்டேன். "மெதுவா போடு", "இந்தப் பக்கம் மாத்து", "ஏன் நிறுத்திட்ட?" அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்தே ஒரு மணி நேரம் போனது.

பேச்சுக் கொடுக்கலாம் என்று டாம் தாம்சன் கதையை எடுத்தேன். ஓவியர். இந்தக் காட்டையும் ஏரிகளையும் வரைந்து வரைந்தே பெயர் பெற்றவர். 1917 ஜூலையில் இதே கனூ ஏரியில் தனியாகப் படகில் போனார், படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. வயது 39. கனூவில் நல்ல பழக்கம் உள்ளவர் என்பதால் அது விபத்தா வேறு ஏதாவதா என்று இன்றுவரை சண்டை. கரையில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, பார்க்கலாமா என்று கேட்டேன். பக்கத்துப் படகிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "தண்ணி நடுவுல உட்கார்ந்துகிட்டு, மூழ்கிப்போனவர் கதைதான் கிடைச்சுதா உங்களுக்கு?" அப்போதுதான் மகளின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாள் என்று நினைக்கிறேன். முகம் தெரியாதே.

ஏரியின் வடக்கு முனையில் ஓர் அணை. அங்கே படகை வெளியே எடுத்து, 295 மீட்டர் சுமந்து, ஜோ ஏரியில் இறக்க வேண்டும். இதற்குப் போர்ட்டேஜ் என்று பெயர். சுமப்பது என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மஞ்சள் பலகை தொடக்கத்தைக் காட்டும், மீட்டர் கணக்கும் போட்டிருக்கும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். பொய் இல்லை, ஆனால் முதலில் மூட்டை, திரும்பி வந்து படகு என்று இரண்டு நடையாகச் சுமந்தால் அதே தூரத்தை மூன்று முறை நடக்கிறீர்கள். 295 மீட்டர் 885 ஆகிவிடும். அலுமினியம் வேண்டாம் என்றதன் காரணம் இதுதான்.

கனூவைக் கவிழ்த்து, நடுக்கட்டையைத் தோளில் வைத்து நடந்தால் தலை படகுக்குள் போய்விடும். தெரிவது உங்கள் கால்முன் இரண்டடி மண். சின்னவன் எனக்கு முன்னால் நடந்தான். "கல்லு வருது. வேர். இப்ப வலது. நில்லுங்க, எதிர்ல ஆளு வர்றாங்க." வீட்டில் பத்து நிமிடம் ஒரே வேலையில் நிற்காத பையன், முழு வழியும் என் கண்ணாக வந்தான். கவிழ்த்த படகுக்குள் அவன் குரல் கொஞ்சம் கனமாகக் கேட்டது. குரல் உடைய ஆரம்பித்திருக்கிறது என்பதை அங்கேதான் கவனித்தேன்.

அதற்கப்புறம் ஜோ, டீப்பி, லிட்டில்டோ என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர்வழியே போய், டாம் தாம்சன் ஏரி. ஆமாம், அவர் பெயரில் ஏரியும் உண்டு. முன்பதிவு ஏரிக்குத்தான், கூடாரம் போடும் இடத்துக்கு இல்லை. கரையில் ஆரஞ்சுப் பலகை உள்ள இடங்களில் எது காலியோ அது உங்களுடையது. மூன்றாவது பலகை எங்களுக்குக் கிடைத்தது. இரண்டு இரவும் அங்கேயே. தினமும் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஏரிக்கு ஓடும் திட்டம் முதலில் இருந்தது, அதைக் கைவிட்டதுதான் இந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே புத்திசாலி முடிவு.

கழிப்பறை காட்டுக்குள் ஒரு மரப்பெட்டி. மேலே மூடி, நடுவில் ஓட்டை. சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. பெரியவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பத்து நிமிடம் யாரிடமும் பேசவில்லை. பிறகு அவளே ஒரு சட்டம் போட்டாள்: போகிறவர் உயிர்காப்பு உடுப்பில் மாட்டியிருக்கும் விசிலை ஒருமுறை ஊத வேண்டும், திரும்பியதும் இரண்டு முறை. அந்தக் காட்டில் எங்கள் குடும்பத்தின் வயிற்று நிலவரம் எத்தனை பேருக்குத் தெரிந்ததோ.

சாயங்காலம் கரடிக்கயிறு. கரடிக்கு எட்டாதபடி சாப்பாட்டு மூட்டையைத் தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தொங்கவிட வேண்டும். கிளைமேல் கயிற்றை எறிய ஒரு சாக்ஸில் கல்லைப் போட்டுக் கட்டினேன். ஏழு முறை எறிந்தேன். ஒருமுறை சாக்ஸ் என் தலைக்கே வந்தது. மனைவி வாங்கி ஒரே எறி. பிள்ளைகள் கைதட்டினார்கள். தண்ணீர் என்றாலே பயந்து, கூடாரத்துக்குள்ளும் உயிர்காப்பு உடுப்பைக் கழற்றத் தயங்கியவள், அன்றைக்கு நாயகி.

இரவில் லூன் கத்தியது. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளும் சிவப்புக் கண்ணும் உள்ள நீர்ப்பறவை. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருப்பது இதுதான், அதனால் அந்த நாணயத்துக்கே லூனி என்று பெயர். முதலில் ஓநாய் போல நீண்ட ஊளை, பிறகு யாரோ பைத்தியம் பிடித்துச் சிரிப்பது போல. கூடாரத்தில் நாலு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தோம். "யாரும் தூங்கலையா?" என்றான் சின்னவன். யாரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் சிரித்தோம். மறுநாள் முழுக்க அவன் வேலை லூன் முங்குவதை எண்ணுவது. அதிகபட்சம் 48 நொடி.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு விழித்தேன். ஏரிமேல் பனிமூட்டம், தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காற்று பத்து மணிக்குமேல்தான் எழும், கனூவுக்கு விடிகாலைதான் நேரம். பெரியவள் ஏற்கெனவே கரைப்பாறையில் உட்கார்ந்திருந்தாள். "நான் பின்னாடி உட்காரட்டா?" என்றாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு நல்ல காரணமும் கையில் இருந்தது. என் எடை முன்னால், அவள் எடை பின்னால் என்றால் படகின் முன்பக்கம் அமிழும், அப்படி அமிழ்ந்த படகு சொன்ன பேச்சைக் கேட்காது. உண்மைதான். அவள் நீர்புகாப் பை ஒன்றில் ஏரித் தண்ணீரை நிரப்பி, வாயைச் சுருட்டிக் கட்டி, தன் காலடிக்குப் பின்னால் வைத்தாள். படகு மட்டமானது. வேறு காரணம் என்னிடம் இல்லை.

முன்னிருக்கையில் உட்கார்ந்தால் எதிரே எதுவுமில்லை. தண்ணீர், பனி, அவ்வளவுதான். படகு நேராகப் போனது. நான் ஒருநாள் முழுக்கப் போராடிய ஜே அவளுக்கு எப்போது வந்தது என்று கேட்டேன். "நேத்து உங்க துடுப்பு சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். எங்க தப்புன்னு புரிஞ்சிருச்சு," என்றாள். பிறகு, "மெதுவா போடுங்க. நீங்க போடுற தாளத்துலதான் நான் போடணும்."

குறைத்தேன். எதிர்க்கரை நாணல் தெரியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவள் தானாகச் சொன்னாள், போன வருடம் இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டைப் பள்ளி நூலகத்தில் தனியாகச் சாப்பிட்டாளாம். கூட இருந்தவர்கள் ஒருநாள் மேசையில் இடமில்லை என்றார்களாம். அவ்வளவுதான், சண்டைகூட இல்லை. இடம் இருந்தது என்றாள்.

அந்த இரண்டு மாதமும் தினமும் சாயங்காலம் "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டிருக்கிறேன். "ஓகே" என்றிருக்கிறாள். அடுத்த கேள்விக்கு, அதாவது மார்க்குக்கு, போயிருக்கிறேன்.

திரும்பி அவள் முகத்தைப் பார்க்கப் போனேன். "திரும்பாதீங்க அப்பா, படகு ஆடும்."

திரும்பவில்லை. ஏன் சொல்லவில்லை, டீச்சரிடம் போயிருக்கலாமே, அந்தப் பிள்ளைகள் யார், எல்லாம் தொண்டைவரை வந்தது. துடுப்பைத் தண்ணீரில் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. முடித்தபோது எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான்: "இப்ப எந்தப் பக்கம்?" "இடது," என்றாள். இடப்பக்கம் நாணலுக்குள் போனோம்.

கூடாரத்துக்கு வந்தால் கஞ்சி அடிபிடித்திருந்தது. சின்னவன் லூனை எண்ணிக்கொண்டிருந்தானாம்.

மூன்றாம் நாள் திரும்பும்போது கனூ ஏரியில் தெற்கிலிருந்து எதிர்க்காற்று. அலையில் வெள்ளை நுரை. அணைப்பக்கக் கரையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து சீட்டு விளையாடினோம், காற்று கொஞ்சம் தணிந்தது, முழுக்க இல்லை. இப்போது நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன். அவள் படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "முன்னாடி கல்லு இருந்தா சொல்லுங்க, போதும்."

கரையை ஒட்டியே போனோம். இருக்கையில் உட்காராமல் முட்டி போட்டு, அலையைச் சாய்வாக வாங்கி. மனைவியும் சின்னவனும் பின்னாலேயே, என்னவோ பாடிக்கொண்டு. இரண்டு கல்லைச் சொன்னேன். மூன்றாவதை அவளே பார்த்துவிட்டாள்.

படகுத்துறையில் வேகத்தைக் குறைக்காமல் வந்து, கட்டைமேல் 'டம்' என்று இடித்தாள். வாடகைப் படகு. வாய்வரை வந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றை எடுத்துக் கட்டினேன்.