தோற்றவரும் கணக்குக் காட்ட வேண்டும்: ரொறன்ரோ மாநகரத் தேர்தலில் மனு முதல் படிவம் 4 வரை

ரொறன்ரோ மாநகரத் தேர்தலில் முதன்முறை நிற்பவர்களை விழுத்துவது பெரும்பாலும் கடதாசி வேலைதான். வீடு வீடாகப் போக ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்கத்தான் ஆள் இருக்காது. நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் ஆறு வட்டாரங்களில், அதாவது 20 முதல் 25 வரையானவற்றில், வேட்பாளர்களுக்குக் கணக்கும் மனுவும் பார்த்தவர்கள் சேர்ந்து எழுதுவது இது. 2022 தேர்தலில் இருந்த விதிகளையும் தொகைகளையும் வைத்தே எழுதுகிறோம்.

வாக்குச்சீட்டு ஒன்றுதான், அதில் போட்டிகள் மூன்று. மேயருக்கு நகரம் முழுவதும் வாக்களிக்கும். மாநகர சபை உறுப்பினர் வட்டாரத்துக்கு ஒருவர். முன்பு 47 வட்டாரங்கள் வரப் போகின்றன என்றிருந்ததை மாகாண அரசு 2018இல், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, 25 ஆக வெட்டியது. மூன்றாவது பாடசாலைச் சபை உறுப்பினர். ரொறன்ரோவில் நான்கு சபைகள் உண்டு: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. ஆங்கிலப் பொதுச் சபைக்கு 22 இடங்கள், கத்தோலிக்கச் சபைக்கு 12. இந்த எல்லைகள் 25 வட்டாரங்களோடு பொருந்தாது என்பதால், பாடசாலைச் சபைக்கு நிற்பவர் மாநகர வட்டார எண்ணைத் துண்டுப்பிரசுரத்தில் அடித்துவிட்டால் பாதிப் பேருக்குத் தவறான தகவல்தான் போகும். அச்சகத்துக்குப் போக முன் சபையின் வரைபடத்தை எடுத்து வீதி வீதியாக ஒப்பிடுங்கள்.

மனுத்தாக்கல் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். ஓகஸ்ட் மூன்றாம் வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு மூடும். 2022இல் அது ஓகஸ்ட் 19. 2 மணி என்றால் 2 மணிதான். கட்டணம் மேயருக்கு 200 டொலர், மற்றப் பதவிகளுக்கு 100. மேயருக்கும் சபை உறுப்பினருக்கும் படிவம் 2இல் 25 வாக்காளர்களின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். பாடசாலைச் சபைக்கு அது தேவையில்லை. கையெழுத்திடுபவர் உங்கள் வட்டாரத்தவராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ரொறன்ரோவில் வாக்களிக்கும் தகுதி உடையவராக இருக்க வேண்டும்: கனடாக் குடியுரிமை, 18 வயது, நகரில் வீடு அல்லது வாடகைக் குடியிருப்பு. சிக்கல் வருவது இங்கேதான். கோயில் வாசலில் ஒரு மணி நேரத்தில் 25 பேரைப் பிடித்துவிடலாம். அதில் ஐந்தாறு பேர் குடியுரிமை இல்லாத நிரந்தர வதிவாளராக (பி.ஆர்.) இருப்பார்கள், இரண்டு பேர் அயல் நகரான மார்க்கத்தில் வீடு வாங்கிப் போனவர்களாக இருப்பார்கள். இந்தக் கையெழுத்துகள் எண்ணிக்கையில் சேராது. 40 சேருங்கள். ஒவ்வொருவரிடமும் குடியுரிமையையும் முகவரியையும் வாய்விட்டுக் கேட்ட பிறகே பேனாவைக் கொடுங்கள்.

பெயர் விஷயத்தையும் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். வாக்குச்சீட்டில் குடும்பப் பெயரின் அகர வரிசையில்தான் வரும். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கும், ஊரில் அழைப்பதோ வேறொரு பெயர். புல்வெளிப் பலகையில் ஒரு பெயரும் சீட்டில் இன்னொரு பெயரும் இருந்தால் வயதான வாக்காளர் தேடிக் களைத்துப் போவார். 2023 ஜூன் மேயர் இடைத்தேர்தலில் சீட்டில் 102 பெயர்கள் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். வழக்கமாகப் பாவிக்கும் பெயரைச் சீட்டில் போட அனுமதி கேட்கலாம். அதை மனுக் கொடுக்கும்போதே கேளுங்கள்.

ஒன்ராறியோவின் எந்தப் பாடசாலைச் சபையில் வேலை செய்பவரும், எந்தப் பாடசாலைச் சபைக்கு நிற்பதானாலும், மனுக் கொடுப்பதற்கு முன்பே சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்க வேண்டும். வென்றால் வேலையை விட வேண்டும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் ‘அது பகுதிநேரம்தானே’ என்று இதைக் கடந்து போவதுண்டு. சபையின் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் விடுப்புக் கடிதம் கையில் இருக்கட்டும். மாநகர ஊழியர் மாநகர சபைக்கு நிற்பதற்கும் இதே மாதிரி விதி உண்டு.

மனுக் கொடுத்த நாளில் இருந்துதான் தேர்தல் காலம் தொடங்கும். அதற்கு முன் ஒரு சதமும் சேர்க்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. ‘முதலில் விருந்து, பிறகு மனு’ என்பது நம்மிடையே உள்ள மோசமான பழக்கம். மனுப் பிரதியோடு வங்கிக்குப் போய்த் தேர்தலுக்கென்று தனிக் கணக்குத் திறவுங்கள். சில கிளைகளுக்கு இந்த வகைக் கணக்கே தெரியாது. வியாபாரக் கணக்கு என்று நினைத்துப் பதிவுப் பத்திரம் கேட்பார்கள். ஒரு வாரத்தை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். மனுக் கட்டணம் சொந்தச் செலவு. அதைக் கணக்கில் காட்ட வேண்டாம்.

இனிக் காசு. கொடுக்கக்கூடியவர் ஒன்ராறியோவில் வசிக்கும் தனி மனிதர் மட்டுமே. இதில் ஒரு விசித்திரம் உண்டு: பி.ஆர். உள்ளவர் உங்கள் மனுவில் கையெழுத்திட முடியாது, வாக்களிக்கவும் முடியாது, ஆனால் நன்கொடை தரலாம். பாரிசில் இருக்கிற மாமாவோ மொன்றியலில் இருக்கிற தங்கையோ தர முடியாது. மேயர் வேட்பாளருக்கு ஒருவர் 2,500 டொலர் வரை தரலாம், மற்ற வேட்பாளர் ஒருவருக்கு 1,200 வரை. ஒரே சபைக்கு நிற்கும் பல வேட்பாளர்களுக்குச் சேர்த்து 5,000க்கு மேல் போகக் கூடாது. இந்தக் கடைசி எல்லையை மீறுபவர்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் நல்லவராக இருக்க நினைக்கும் கடை முதலாளிகள்.

கடைக் காசோலையையோ நிறுவனக் காசோலையையோ வாங்கவே கூடாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தர முடியாது. வியாபாரப் பெயரில் காசோலை வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலாளியின் சொந்தக் கணக்கில் இருந்து கேளுங்கள். கணவன் மனைவி கூட்டுக் கணக்கென்றால் கையெழுத்திட்டவர்தான் கொடுத்தவர். இருவரும் 1,200 வீதம் தருவதாக இருந்தால் இரண்டு காசோலை வேண்டும். 25 டொலருக்கு மேல் காசாகக் கையில் வாங்க முடியாது. ஒவ்வொரு நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். ஒருவர் மொத்தத்தில் 100 டொலருக்கு மேல் தந்தால் அவருடைய பெயரும் முகவரியும் கணக்கறிக்கையில் வரும், அந்த அறிக்கையை யாரும் பார்க்கலாம். இதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு வரும் மனத்தாங்கல் மிச்சம்.

பொருளும் நன்கொடைதான். கூட்டத்துக்கு ஒரு உணவகம் இருநூறு ரோல்சும் பட்டிசும் இலவசமாக அனுப்பினால் அதன் சந்தை விலை நன்கொடையாகிறது. உணவகம் நிறுவனம் என்றால் அது விதிமீறல். வானொலி ‘அன்புக்காக’ விளம்பரம் போட்டாலும் அதே கதை. விலை கொடுத்து வாங்கிப் பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். தொண்டரின் நேரத்துக்கு மட்டும் விலை போட வேண்டியதில்லை. போன தேர்தலின் பழைய பலகைகள் கராஜில் கிடந்தால் அவற்றையும் இன்றைய மதிப்பில் செலவாகக் காட்ட வேண்டும். இதைப் பலர் நம்பவே மாட்டார்கள்.

செலவு வரம்பு சபை உறுப்பினருக்கும் பாடசாலைச் சபைக்கும் 5,000 டொலரோடு வாக்காளர் ஒருவருக்கு 85 சதம். 80,000 வாக்காளர் என்றால் 73,000 டொலர். மேயருக்கு அடிப்படைத் தொகை 7,500. மாநகர சபைக்கு நிற்பவர் தன் சொந்தப் பணத்தையும் வாழ்க்கைத்துணையின் பணத்தையும் சேர்த்துப் போடுவதற்கும் வரம்பு உண்டு: 5,000 டொலரோடு வாக்காளருக்கு 20 சதம். அதே வட்டாரத்தில் அது 21,000. எவ்வளவு பெரிய வட்டாரமானாலும் 25,000க்கு மேல் போகாது.

மாடிக் கட்டடங்களில் காவலர் மறித்தால் வாக்குவாதம் வேண்டாம். காலை 9 முதல் இரவு 9 வரை வேட்பாளரையோ அவரது பிரதிநிதியையோ தடுக்கக் கூடாது என்று மாநகரத் தேர்தல் சட்டத்தில் உள்ள பிரிவை அச்சடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். பலகைகள் வாக்களிப்பு நாளுக்கு 25 நாட்களுக்கு முன்புதான் நடலாம். முடிந்து 72 மணி நேரத்துக்குள் பிடுங்க வேண்டும். நடுவதற்கு இருபது பேர் வருவார்கள், பிடுங்க வேட்பாளரின் மச்சான் மட்டும் வருவார். இரண்டு வேலைக்கும் ஒரே பட்டியலில் ஆட்களைப் போடுங்கள்.

கதவுகளில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, ‘நீங்கள் எந்தப் பாடசாலைச் சபை ஆதரவாளராகப் பதிவாகியிருக்கிறீர்கள்?’ என்பது. எதுவும் சொல்லாவிட்டால் ஆங்கிலப் பொது என்றே பதிவாகும். கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளையைக் கத்தோலிக்கப் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டே பொதுச் சபைச் சீட்டைப் பெறுவது இதனால்தான். வாடகைக்கு இருப்பவர்களிடம் இது இன்னும் அதிகம். கத்தோலிக்கச் சபைக்கு நிற்பவர் வாக்களிப்புக்கு முன் இதைத் திருத்த வைக்காவிட்டால் தன் வாக்குகளைத் தானே இழக்கிறார். அடையாளத்துக்கு, பெயரும் ரொறன்ரோ முகவரியும் அச்சிட்ட ஏதாவது ஒன்று வேண்டும். கடவுச்சீட்டு எடுபடாது, அதில் முகவரி அச்சாவதில்லை.

2022இல் முற்கூட்டிய வாக்களிப்பு ஒக்டோபர் 7 முதல் 14 வரை நடந்தது, வாக்களிப்பு நாள் 24. வாக்களித்தோர் 30 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் முதியவர்களை முற்கூட்டிய நாட்களிலேயே அழைத்துப் போவது மற்றெல்லாப் பிரசாரத்தையும்விடப் பலன் தருகிறது என்கிறோம்.

தேர்தல் இரவு விருந்துக்கும் எல்லை உண்டு. வாக்களிப்பு மூடிய பிறகு நடக்கும் நன்றி விருந்து, பரிசு எல்லாம் சேர்த்துச் செலவு வரம்பின் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கடைசிப் படி படிவம் 4, அதாவது வரவு செலவுக் கணக்கறிக்கை. மார்ச் கடைசி வெள்ளி பிற்பகல் 2 மணிக்குள் கொடுக்க வேண்டும். 2022 தேர்தலுக்கு அது 2023 மார்ச் 31. வென்றவர், தோற்றவர், ஒரு டொலர்கூடச் செலவழிக்காதவர், எல்லாரும் கொடுக்க வேண்டும். வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டினால் உரிமம் பெற்ற கணக்காய்வாளரின் அறிக்கையும் வேண்டும். மார்ச்சில் அவர்கள் வருமானவரிக் காலத்தில் மூழ்கியிருப்பார்கள், எனவே நவம்பரிலேயே பேசி வையுங்கள். நேரத்துக்குக் கொடுத்தால் மனுக் கட்டணம் திரும்பி வரும். தவறினால் 500 டொலர் கட்டி 30 நாட்களுக்குள் கொடுக்கலாம். அதையும் விட்டால் வென்றவர் பதவியை இழப்பார், தோற்றவர் அடுத்த பொதுத் தேர்தல் முடியும்வரை நிற்க முடியாது. மிச்சப் பணம் இருந்தால், நீங்களும் துணையும் போட்டதை எடுத்த பிறகு எஞ்சியதை நகர எழுத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் காசோலையின் பிரதியைக் கணக்குக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.