சேர்ட்டுக்கு வரி பூச்சியம், துணிக்கு யார் சாட்சி?

பருத்திச் சேர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமான இறக்குமதி வரி 12 சதவீதம். இலங்கை போன்ற வளர்ந்துவரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை கிடைத்தால் பூச்சியம். எங்களைப் போன்ற சின்னத் தையல் தொழிற்சாலைகளின் இலாபமே அந்த 12க்குள்தான் கிடக்கிறது. அதனால்தான் ஜெர்மனியிலிருந்து சிறுவர் சேர்ட்டுக்கு ஓடர் தந்தவர், விலை பேச முன்னரே ரெக்ஸ் இலக்கம், அதாவது இந்தச் சலுகைக்காகப் பதிவு செய்த ஏற்றுமதியாளரின் இலக்கம், இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தப் பதிவு பெரிய தலையிடி இல்லை. இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையொப்பமிட்டு, வியாபாரப் பதிவோடு கொழும்பு வர்த்தகத் திணைக்களத்தில் கொடுத்தோம். இலக்கம் கிடைத்ததும் ஜெர்மன்காரர் தானே இணையத்தில் தேடிப் பார்த்துச் சரி என்றார்.

சிக்கல் துணியில் வந்தது. சலுகை கிடைக்க, நெய்த துணியில் தைத்த உடுப்பென்றால், பொதுவாக நெசவு, தையல் இரண்டும் இலங்கையில் நடந்திருக்க வேண்டும். பங்களாதேஷுக்கு, மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பதால், தையல் மட்டும் போதும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சீனத் துணி மலிவுதான், ஆனால் அதில் தைத்தால் 12 சதவீதமும் கட்ட வேண்டும். மிஞ்சிய வழி, இந்தியா போன்ற சார்க் நாட்டுத் துணியையும் கணக்கில் சேர்க்க விடும் ஏற்பாடு. ஈரோட்டுக்குப் போனோம்.

துணி இந்தியாவில் நெய்தது என்பதற்குச் சான்றாக ஈரோட்டு வியாபாரி முதலில் அனுப்பியது அவர் ஊர் வர்த்தக சபையின் சான்றிதழ். "அண்ணே, இது இல்லை" என்றேன். அடுத்து இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கைச் சான்றிதழ் வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள அது கொழும்புச் சுங்கத்துக்குச் சரி, சரக்கு இறங்கும் ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் செல்லாது. அவரையும் ரெக்ஸில் பதியச் சொன்னேன்.

"தம்பி, நான் ஐரோப்பாவுக்கா அனுப்புறேன்? உங்களுக்குத்தானே. எனக்கு எதுக்கு ரெக்ஸ்?"

நியாயமான கேள்வி. ஆனால் அனுப்பும் துணியின் பெறுமதி 6000 யூரோவைத் தாண்டினால், அவரும் பதிவு செய்த ஏற்றுமதியாளராக இருந்து, இது இந்தியத் துணிதான் என்று ஐரோப்பிய விதிப்படி எழுதித் தர வேண்டும். தன் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் பதிந்துகொண்டார். அதுவரை எங்கள் தையல் மெஷின்கள் உள்ளூர்ப் பள்ளிச் சீருடை தைத்தன.

அப்புறம் எங்கள் இன்வொய்ஸில் மூல நாட்டுக் கூற்றை, அதாவது சரக்கு எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற உறுதிமொழியை, எழுதினோம். எங்கள் ரெக்ஸ் இலக்கம், மூல விதிக் குறியீடான 'டபிள்யூ'வும் சேர்ட்டின் சுங்க இலக்கமும் சேர்ந்த 'டபிள்யூ 6205', கூடவே அயல்நாட்டுத் துணியைக் கணக்கில் சேர்த்ததைச் சொல்லும் 'ரீஜனல் கியூமுலேஷன்' என்ற சொற்கள். கையொப்பம் தேவையில்லை. கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு அதில் நம்பிக்கையே வரவில்லை, சீல் ஒன்றைக் குத்தித்தான் விட்டார்.

சரக்கு பூச்சிய வரியில் வெளியே வந்தது. துணி இன்வொய்ஸ், ஈரோட்டுக்காரரின் கூற்று, எவ்வளவு துணி வெட்டினோம் என்ற கணக்கு எல்லாம் ஒரே பைலில் இருக்கின்றன. அந்த ஆண்டு முடிந்து இன்னும் 3 வருடம் வைத்திருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள்.

ஜி.எஸ்.பி. பிளஸ் இரு தரப்பும் பேரம் பேசிச் செய்த ஒப்பந்தம் இல்லை, ஐரோப்பிய ஒன்றியம் தானாகத் தரும் சலுகை. இலங்கையிடமிருந்து 2010 ஓகஸ்டில் எடுத்தார்கள், 2017 மேயில்தான் திரும்பத் தந்தார்கள். அதனால் அடுத்த ஓடருக்கான பேச்சில், சலுகை இடையில் நின்றால் 12 சதவீதத்தை யார் சுமப்பது என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன். ஜெர்மன்காரர் இன்னும் பதில் போடவில்லை.