காற்றில் இருக்கும் தண்ணீர்: கடலோரத்தில் ஏர்பிரஷ் பழகத் தொடங்குபவர்களுக்கு

இராமேசுவரம் தீவிலோ, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி போன்ற கரையோர ஊர்களிலோ இருந்துகொண்டு படகு, மனிதர் போன்றவற்றின் சிறு மாதிரி உருவங்களுக்கு, காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷால் வண்ணம் அடிக்கத் தொடங்குபவர், கையில் பிடிக்கும் கருவிக்கு ஒதுக்கும் பணத்தைவிட, அதற்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசருக்குக் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கான பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளில் எடுக்கப்பட்டவை. அவற்றில் கம்ப்ரசரைப் பற்றி ஓரிரு வரிகள் சொல்லிவிட்டு, ஊசி, நாசில், வண்ணக் கலவை என்று நகர்ந்துவிடுகிறார்கள். நம் கரையில் வேலை கெடுவதும் தேறுவதும் பெரும்பாலும் அந்த ஓரிரு வரிகளுக்குள்தான் இருக்கிறது. நான் இப்போது 1/35 அளவில் ஒரு நாட்டுப்படகையும், அதில் நிற்கும் சில மனித உருவங்களையும் செய்துகொண்டிருப்பதால், அந்த வேலையை முன்வைத்தே இதை எழுதுகிறேன். இந்த அளவில் ஒன்பது மீட்டர் நீளப் படகு ஏறத்தாழ 26 சென்டிமீட்டராகவும், நடுத்தர உயரமுள்ள ஒருவர் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்கிவிடுவார்கள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்று நாம் பயன்படுத்தும் ஏர்பிரஷின் அடிப்படை அமைப்பு 1890-களில் சார்லஸ் பர்டிக் என்பவர் உருவாக்கியதிலிருந்து பெரிதாக மாறவில்லை. கூம்பு வடிவமான நுண்ணிய நாசிலுக்குள் ஓர் ஊசி அமர்ந்திருக்கும். நாசிலைச் சுற்றி வேகமாக வெளியேறும் காற்று அதன் முனையில் அழுத்தத்தைக் குறைக்க, உள்ளிருக்கும் பெயிண்ட் இழுபட்டுத் துகளாகச் சிதறும். டபுள் ஆக்‌ஷன் எனப்படும் வகையில், ட்ரிகரைக் கீழே அழுத்தினால் காற்றும், பின்னால் இழுத்தால் பெயிண்டும் வரும். மேலே சிறு கப் பொருத்தப்பட்டு, பெயிண்ட் தன் எடையாலேயே இறங்கும் கிராவிட்டி ஃபீட் வகையில், 0.3 மில்லிமீட்டர் நாசில் கொண்ட டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் ஒன்றை வாங்கினால் முதல் சில ஆண்டுகளுக்கு வேறொன்றும் தேவைப்படாது. இவாடா, பேட்ஜர், ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்ற பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அவை நல்ல கருவிகள்தாம். ஆனால் முதல் கருவியின் ஊசி முனை எப்படியும் ஒருமுறை வளையப்போகிறது என்பதால், மாற்று உதிரிகள் எளிதில் கிடைக்கும் எளிய கருவியில் கை பழகிக்கொண்டு, பிறகு அவற்றுக்குப் போவதே மேல்.

இனி காற்றுக்கு வருவோம். முப்பது பாகை வெப்பமும் எண்பது விழுக்காடு ஈரப்பதமும் நம் கரையில் வெகு சாதாரணம். அந்த நிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். கம்ப்ரசர் அந்தக் காற்றை அழுத்தித் தன் தொட்டிக்குள் 4 பார், அதாவது 58 பி.எஸ்.ஐ. வரை ஏற்றும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சூடு தணிந்து மீண்டும் முப்பது பாகைக்கு வந்ததும், அந்தச் சுருங்கிய இடத்தில் 6 கிராம் அளவுக்குத்தான் ஆவி நிற்க முடியும். மீதி 18 கிராமும் நீராக இறங்கியே தீரும். நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் காற்றைச் செலவழிக்கும் ஏர்பிரஷ், ஒரு கன மீட்டரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தீர்த்துவிடும். ஒரு மாலை உட்கார்ந்து வேலை பார்த்தால், சில தேக்கரண்டித் தண்ணீர் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்தாக வேண்டும். அது எங்கே சேர்கிறது என்பதுதான் கேள்வி.

தொட்டி இல்லாத சிறிய கம்ப்ரசரை வாங்கினால் அந்தத் தண்ணீர், காற்றை ஏர்பிரஷுக்குக் கொண்டுபோகும் ஹோஸுக்குள் சேரும். அழுத்தப்பட்ட காற்று சூடாகவே ஹோஸுக்குள் நுழைந்து, போகும் வழியில் குளிர்ந்து, துளிகளாகி, படகின் பக்கவாட்டில் நீலம் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாசில் வழியே ஒரு சொட்டாகத் துப்பும். தொட்டியுள்ள கம்ப்ரசரில் காற்று அங்கேயே தங்கிக் குளிர்வதால் தண்ணீரின் பெரும்பகுதி தொட்டியின் அடியில் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு ரெகுலேட்டர் அழுத்தத்தை 4 பாரிலிருந்து 1.2 பாருக்குக் குறைக்கும்போது காற்று விரிவதால், அதன் ஈரப்பதம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள சிறு தொட்டியாக இருந்தாலும், தொட்டியோடு கூடிய கம்ப்ரசரே நமக்கு ஏற்றது. தொட்டியில் முழுக்கக் குளிராமல் வரும் காற்றுக்காக, ரெகுலேட்டரோடு வரும் ஈரப்பொறியை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் சிறு குமிழ்) தவிர, ஏர்பிரஷுக்கு அருகில் ஹோஸில் மாட்டும் சிறிய ஈரப்பொறி ஒன்றும் வேண்டும். ஆடி மாதத்துப் பகலில் அது உலர்ந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதன் கண்ணாடிக் குமிழில் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

தொட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கும். வேலை முடிந்ததும் சிறிது அழுத்தம் மிச்சமிருக்கும்போதே அதைத் திறந்துவிட்டால் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறிவிடும். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். தொட்டி இரும்பு, வெளியிலிருந்து உப்புக்காற்றும் உள்ளிருந்து நீரும் அதைத் தின்னும்போது, முதலில் துருப்பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரியாத உட்பக்கம்தான். எங்கள் ஊரில் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில், என் கம்ப்ரசரைப் பார்த்துச் சிரித்த பெரியவர், மற்ற எதையும் விசாரிக்காமல், “தண்ணிய எறக்கி விடுறீகளா தம்பி?” என்றுதான் கேட்டார். கார் கதவுக்கும் கட்டைவிரல் அளவு பொம்மைக்கும் அடிப்படை ஒன்றே. ஏர்பிரஷ் பழக விரும்புகிறவர் அத்தகைய பட்டறையில் அரை நாள் நின்று பார்த்தால், கையை நகர்த்தத் தொடங்கிய பிறகே பெயிண்டைத் திறப்பதும், நகர்வு முடியும் முன்பே மூடுவதும் எப்படி என்பதைக் கண்ணாலேயே கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது இடம். ஜன்னலோரத்தில் வைத்து அடித்தால் போதும் என்று சொல்வார்கள். நம் ஊரில் ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்து காச்சான் அடிக்கும். மறு பாதியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். வெளியேற்றும் மின்விசிறி பொருத்திய, பெட்டி போன்ற ஸ்ப்ரே பூத்தின் குழாயை ஒரே ஜன்னலில் நிலையாகப் பொருத்தினால், பாதி ஆண்டு அது புகையை வெளியே தள்ளுவதற்குப் பதிலாகக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மாற்றி வைக்கும்படி குழாயைக் கழற்றி மாட்டக்கூடியதாக வைத்திருக்கிறேன். காற்று வரும் பக்கத்து ஜன்னல், வேலை நேரத்தில் மூடியிருக்க வேண்டும்; திறந்திருந்தால் பொடிமணலும் உப்புத்தூசியும் ஈரமான பெயிண்டில் வந்து ஒட்டும். இதே காரணத்தால், பிரைமர் எனும் அடிப்பூச்சை அடிப்பதற்கு முன் மாதிரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியாக வாலை நீரில் (டிஸ்டில்டு வாட்டரில்) அலசி, மூடிய டப்பாவுக்குள் உலர விடுவது நல்லது. பூத் இருந்தாலும் முகமூடி அவசியம். அக்ரிலிக் பெயிண்டில் நாற்றம் அதிகம் இல்லை என்பதால் அதன் துகள் நுரையீரலுக்குள் போகாது என்று ஆகிவிடாது. கடுமையான கரைப்பானில் கலந்த லாக்கர் வகைப் பெயிண்ட் அடிப்பவர்களுக்குத் தூசியைத் தடுக்கும் சாதாரண முகமூடி போதாது. கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். மழை நாளில் லாக்கரைத் தொடாமல் இருப்பதே சரி. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதன் மேல் காற்றின் ஈரம் படிந்து, பளபளக்க வேண்டிய கருநீலம் வெளுத்துப்போகும்.

பெயிண்டைப் பால் பதத்துக்குக் கலக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பசும்பாலா, எருமைப்பாலா, பாக்கெட் பாலா என்று யாரும் சொல்வதில்லை. கலந்த பெயிண்டைக் கோப்பையின் உட்சுவரில் தூரிகையால் ஏற்றி விட்டுப் பார்ப்பதே இதைவிட நம்பகமான சோதனை: அது மெதுவாக வழிந்து இறங்கி, சுவரில் மெல்லிய, ஒளி ஊடுருவும் படலத்தை விட்டுச்செல்ல வேண்டும். படலமே நிற்காவிட்டால் நீர்த்துவிட்டது; கட்டியாக நின்றுவிட்டால் இன்னும் கலக்க வேண்டும். ஏர்பிரஷுக்கென்றே நீர்க்கக் கலந்து விற்கும் அக்ரிலிக்குகள் இருக்கின்றன. தொடக்கத்தில் அவற்றை வாங்குவது பாதித் தொல்லையைக் குறைக்கும். மற்றவற்றை அந்தந்த நிறுவனத்தின் தின்னரில் கலப்பதே பாதுகாப்பு. தண்ணீரில் கலக்கக்கூடிய வகையாக இருந்தாலும் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள். இராமநாதபுரம் மாவட்டத்து நிலத்தடி நீரின் உவர்ப்பைப் பற்றி இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பு, பெயிண்ட் உலர்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகளாக எழுந்து நிற்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மலிவானது, போதுமானது. சித்திரை, வைகாசி வெயிலில் ஊசி முனையிலேயே பெயிண்ட் காய்ந்து அடைத்துக்கொள்வதைத் தவிர்க்க, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை ஓரிரு சொட்டு சேர்க்கலாம். அப்படியும் முனையில் படியும் பெயிண்டை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் அவ்வப்போது துடைத்துக்கொள்ள வேண்டும்.

பழகுவதற்குக் காகிதமும் பிளாஸ்டிக் கரண்டிகளும் போதும். அழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. அளவில் வைத்து, முதலில் காற்றை மட்டும் திறந்து, பிறகு ட்ரிகரை மயிரிழை அளவு பின்னால் இழுத்துப் புள்ளிகள் வைத்துப் பழகுங்கள். புள்ளி கைவசப்பட்ட பிறகு கோடு. மையத்திலிருந்து கால்கள் முளைத்துப் பெயிண்ட் சிலந்திபோல் ஓடினால், மிக அருகில் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அதிகமாக இழுத்துவிட்டீர்கள், அல்லது கலவை நீர்த்திருக்கிறது. மணல்போல் சொரசொரப்பாக விழுந்தால், தொலைவிலிருந்து அடிக்கிறீர்கள் என்றோ, பெயிண்ட் பாதி வழியில் காய்ந்துவிடுகிறது என்றோ பொருள். படகின் உடம்பு போன்ற பரப்புகளுக்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் தொலைவு சரியாக இருக்கும். அடியில் இருப்பது மறையும் வரை ஒரே பூச்சாக அடிக்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி. முதல் பூச்சு அழுக்குப்போல் தெரிய வேண்டும். மூன்றாவதில்தான் நிறம் நிறமாகும்.

ஏர்பிரஷின் உண்மையான பலன், ஒரு நிறம் இன்னொன்றாகக் கோடு தெரியாமல் கரைவதில் இருக்கிறது. முழு உருவத்துக்கும் கறுப்புப் பிரைமர் அடித்து, சாய்வான கோணத்திலிருந்து சாம்பலும், நேர் மேலிருந்து வெள்ளையும் தூவி, வெளிச்சத்தையும் நிழலையும் முதலிலேயே அமைத்துக்கொள்ளும் முறை எல்லோரும் அறிந்தது. நம் கரைக்கு அதைச் சற்று மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பது பாகை அட்சரேகையை ஒட்டி இருப்பதால், சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி நடுவாக்கிலும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் தலைப்பாகையும் தோளும் வெளுத்து, புருவத்தின் கீழ் முகம் இருண்டுவிடும். ஆனால் கீழே வெண்மணல் கிடப்பதால், தாடையின் அடியும் கைகளின் உட்புறமும் கறுப்பாக இருப்பதில்லை. மணலில் பட்டுத் திரும்பும் ஒளி அவற்றில் பழுப்பேற்றுகிறது. எனவே என் உருவங்களுக்கு அடிநிறமாகக் கறுப்புக்குப் பதில் அடர்பழுப்பையே அடிக்கிறேன். கண், மீசை, லுங்கிக் கட்டம் ஆகியவற்றுக்கு ஏர்பிரஷை எடுக்கவே கூடாது. அவை தூரிகையின் வேலை.

பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப்பகுதியைப் போன்ற இரும்பு அமைப்புகளையோ விசைப்படகின் நங்கூரத்தையோ செய்பவர்களுக்கு, இத்தனை நேரம் எதிரியாக இருந்த உப்பே உதவிக்கு வரும். துருநிறத்தை அடித்து, உலர்ந்ததும் மேலே பளபளப்பான வார்னிஷால் காப்பிட்டு, பரப்பை லேசாக நனைத்து, வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பை நுணுக்கி ஆங்காங்கே தூவி, நீர் காய்ந்த பிறகு மேல்நிறத்தை அடிக்க வேண்டும். பெயிண்ட் காய்ந்ததும் கடினத் தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, உரிந்த பெயிண்டுக்கு அடியில் துரு எட்டிப்பார்க்கும். கையால் புள்ளி வைத்தால் எவ்வளவு முயன்றாலும் வராத ஒழுங்கின்மை இதில் தானாக வந்துவிடுகிறது. பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். எஞ்சிய உப்பு மணி, வார்னிஷுக்கு அடியில் இருந்துகொண்டு ஈரத்தை இழுத்து அந்த இடத்தை வெளுக்கச் செய்யும்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கருவியோடு வரும் துண்டுத்தாளே போதிய அளவு சொல்லும். நிறம் மாற்றும்போதெல்லாம் கப்பைக் கழுவி, நாசில் முனையை விரலால் மெல்ல அடைத்துக் காற்றைத் திறந்தால், கப்புக்குள் குமிழி எழும்பி, உள்ளே ஒட்டியிருப்பதைப் பெயர்த்துவிடும். வேலை முடிந்ததும் ஊசியைப் பின்பக்கமாக உருவித் துடைத்து, மீண்டும் மெதுவாகச் செருக வேண்டும். நாசிலை ஒவ்வொரு முறையும் கழற்றத் தேவையில்லை. அதன் மரை மிக நுண்ணியது, கொஞ்சம் முறுக்கினாலும் முறிந்துவிடும். கருவியின் உடல் முலாம் பூசிய பித்தளை என்பதால், மேசையில் திறந்து போட்டால் சில மாதங்களில் பச்சை பூக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். உதிரி ஊசியும் நாசிலும் ஒவ்வொன்று முதல் ஆர்டரிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள், ஏனெனில் அவை நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது; படகு பாதி நீலத்தில் நிற்கும்போது கூரியருக்காகக் காத்திருப்பது பொறுமைசாலிகளுக்கும் சலிப்பைத் தரும்.